மேசைக்கு என்னடா ஆச்சு?

"மேசைக்கு என்னடா ஆச்சு?"

தம்பியின் வீட்டுக்குள் நுழைந்ததும் வார்டன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

சாப்பாட்டு மேசையின் ஒரு காலில், அடியிலிருந்து முக்கால் உயரம் வரை பேண்டேஜ் சுற்றியிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா" என்று தம்பி தலையைச் சொறிந்தான்.

"சும்மா யாராவது மேசைக்குக் கட்டுப் போடுவாங்களா? எங்க போய் விழுந்துச்சு?"

தம்பி பிளம்பர். குழாயைச் சுற்றுவான், அது தெரிந்த விஷயம். அவன் மேசைக்காலைச் சுற்றி அவள் பார்த்ததில்லை.

வார்டன் என்பது அவளுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையிலிருந்துதான் ஓய்வு, துப்பறிவதிலிருந்து இல்லை. கல்யாணம் காட்சி கிடையாது, தனிக்கட்டை. அவ்வப்போது தம்பி வீட்டில் வந்து தங்குவாள். வந்தால் அலமாரியின் தலையைத் தடவித் தூசி பார்க்காமல் போக மாட்டாள்.

மறுநாள் காலை கூடத்தில் அவள் கண்ட காட்சி மேசையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

தம்பி மனைவி சோபாவில் மகாராணி மாதிரி காலை நீட்டியிருந்தாள். தம்பி தரையில் மண்டியிட்டு, அவள் பாதத்திலிருந்து மேல்நோக்கிப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கீழ இறுக்கம் ஜாஸ்தி, மேல போகப் போகக் குறையணும். அப்பத்தான் தேங்கின நீர் மேல ஏறும்" என்று பாடம் ஒப்பித்தான். "மோட்டார் மாதிரிதான்."

"விரல் மரத்துப் போச்சு. முதல்ல உங்க மோட்டாரை நிறுத்துங்க."

அவிழ்த்தான். மறுபடி சுற்றினான். இந்தத் தடவை மொத்தமும் சரிந்து கணுக்காலில் குவிந்தது. அடுத்த தடவை கட்டு கல்லுமாதிரி நின்றது. அழைப்பு மணி அடிக்க, மனைவி எழுந்து நடந்தாள். சோபாவும் கூடவே வந்தது. சோபாக் காலையும் சேர்த்துக் கட்டியிருந்தான்.

"என்னடா கூத்து இது?" என்றாள் வார்டன்.

"இவளுக்குக் கால்ல வீக்கம்க்கா. நிணநீர் வடியலையாம். தினமும் வீட்டுலயே இப்படிக் கட்டணுமாம்." அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வார்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் செய்துகொண்ட அறுவை சிகிச்சைக்கு அப்புறம் அவளுக்கும்தான் இடது கால் வீங்கிக் கிடக்கிறது. ஊரைக் கூட்டினாளா? "கட்டுப் போடணும். வீட்டுல உதவிக்கு ஆள் இருக்கா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று வந்துவிட்டாள். யாரைப் போய் 'என் காலைப் பிடி' என்பது? தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு உடை தைத்துக்கொண்டாள். விஷயம் முடிந்தது.

இவளானால் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள்!

கொஞ்ச நேரத்திலேயே குட்டு வெளிப்பட்டது.

தம்பி மனைவி கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வார்டன் ஜன்னலுக்கு வந்தாள். தெருமுனையில் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. தம்பி மனைவி பிடரியில் கால் படப் பறந்தாள். வழியில் தேங்கிய தண்ணீரை ஒரே தாண்டு. முன்னால் ஓடிய ஒரு தடியனையும் முந்திக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீங்கின காலா அது? குதிரைக்கே வராது அந்த ஓட்டம்.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பும்வரை வார்டன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டா, உனக்கு மூளை இருக்கா? இவ நடிக்கறா!"

"அக்கா..."

"பேசாதே. புருஷனைக் காலடியில உட்கார வைக்க ஒரு வியாதி! வீக்கம்னா என்னன்னு இவளுக்குத் தெரியுமா? ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது. படியேறினா உயிர் போகும். எங்க, காட்டு உன் காலை!"

தம்பி மனைவி காட்டினாள். குடைக்கம்பிக்குத் தோல் போர்த்தின மாதிரி இருந்தது.

"ஆமாக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல."

வார்டனிடம் விடுதிப் பெண்கள்கூட இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை.

"அப்ப எதுக்கு இந்த நாடகம்?"

தம்பி அக்காவின் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியில போய்க் கட்டுப் போடக் கத்துக்கிட்டேன்க்கா. வீங்கின காலைத் தொடறதுக்கு முன்னாடி நல்லாப் பழகிக்கோன்னு தெரபிஸ்ட் சொன்னாங்க. முதல்ல மேசையில பழகினேன். அதுக்கு வலிச்சா சொல்லத் தெரியாதே, அதான் இவ காலைக் கொடுத்தா. கை படிஞ்சதும் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம். முன்னாடியே சொன்னா நீ பெட்டியைத் தூக்கிடுவே. நாளைக்கு உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அவங்க பார்த்து சரின்னுட்டா, நீ இங்கயே இருந்துடு. தினமும் நான் கட்டி விடறேன்."

வார்டன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, ஏதோ தொலைந்த சாமானைத் தேடுகிறவள் போல, உடையின் விளிம்பை மெதுவாகக் கணுக்கால் வரை உயர்த்தினாள்.

"நான் ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கலையே" என்றாள். அதட்டலாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது. "எவ சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா" என்றாள் தம்பி மனைவி. "போன தடவை நீங்க வந்திருந்தப்போ, வாசல்ல கிடந்த உங்க செருப்பை எடுத்து ஓரமா வெச்சேன். வலது கால் ஆறாம் நம்பர். இடது கால் எட்டு."