உயிரோடு ஒரு நீர்மாலை

கிட்டே வந்து உட்காருங்கள், மக்களே. தேரிக்காட்டுச் செம்மணல் ஊரையெல்லாம் மூடிய பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அங்கே காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர், துடிக்கிற நாடிக்கு நாளுக்கு ஒரு செம்பு. நாடி நின்றதும் தண்ணீர்க்காரர்கள் வந்து, அந்த ஆளின் பங்கில் மிஞ்சிய தண்ணீரைச் சொட்டு விடாமல் எடுத்துப்போவார்கள். செத்தவரைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்குக்கூடத் தண்ணீர் கிடையாது.

தங்கப்பழத்துக்கு மூச்சு இழுத்தது. அவர் விழுங்க முடியாத பங்கையெல்லாம் மனைவி செல்லக்கனி குடத்தில் சேர்த்திருந்தாள். குளிப்பாட்டாமல் புருஷனைப் புதைக்க அவளுக்கு மனமில்லை. உயிர் இருக்கும்போதே குடத்தைத் தலையோடு ஊற்றிவிட்டாள்.

குளிர்ச்சி பட்டதும் அவர் கண் திறந்தார்.

"ஏட்டி, உசுரோடயே நீர்மாலையா? அப்படி என்ன அவசரம் ஒனக்கு?"

"முழிச்சிட்டியளே அத்தான்," என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"தொண்டை வறளுது. ஒரு வாய் தண்ணி தா."

அவள் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். அவளுடைய செம்பும் அக்கம்பக்கத்துச் செம்புகளும் காலையிலேயே காலி. ஊற்றியதை மணல் குடித்துவிட்டது.

பொழுது சாயுமுன் அவர் நாடி நின்றது. தண்ணீர்க்காரர்கள் வந்தபோது எடுத்துப்போக ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில், கேட்கிறவருக்குக் கொடுக்க எப்போதும் ஒரு வாய் தண்ணீர் மிஞ்சியிருக்கட்டும், என் கண்ணுகளா.