ஐந்தாவது மேடை

வடசிலிப் பாலைவனத்தில், எங்கள் மலையுச்சியில் நான்கு தொலைநோக்கிகள் தள்ளித்தள்ளி நிற்கின்றன. நான்கும் பிடிக்கும் நட்சத்திர ஒளியைச் சுரங்கவழியே கொண்டுவந்து, இரண்டிரண்டாகச் சேர்த்து அளப்பார்கள். நான்குக்கு ஆறு ஜோடிதான் வரும். அன்று காலை ஆய்வாளர் நியேவெஸின் கணினியில் பத்து ஜோடிகள் வந்திருந்தன. பத்து வர ஐந்து தொலைநோக்கிகள் வேண்டும்.

மெக்கானிக் ரோசமெலை அழைத்தாள்.

"ரோசமெல் ஐயா, மேல எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வாங்களேன்."

"கிண்டலாம்மா? பதினாறு வருஷமா நாலுதான்."

ஆனாலும் போய் எண்ணினார். நான்குதான். ஐந்தாவதற்கென்று என்றோ போட்ட கான்கிரீட் மேடை காலியாகக் கிடந்தது.

நியேவெஸ் அந்த உபரி நான்கு ஜோடிகளை நீக்கிப் பார்த்தாள். மூன்று வருடமாக அவளுக்குப் பிடிபடாத நட்சத்திரம் வழக்கம்போல் மங்கலாகவே இருந்தது. திரும்பச் சேர்த்தாள். விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது. தொலைநோக்கிகளைப் பயன்படுத்த அவளுக்குக் கொடுத்திருந்த நாட்கள் அன்றோடு முடிந்தன.

"இதை எழுதினா யாரு நம்புவா?"

"நம்பாட்டிப் போறாங்க. உன் நட்சத்திரம் கிடைச்சுதுல்ல? மொதல்ல வந்து சாப்பிடு."

அவள் சிரித்துவிட்டு, அறிக்கையில் பத்து என்றே எழுதி அனுப்பினாள்.

மறுநாள் முதல் ரோசமெல் காலி மேடையையும் பெருக்குகிறார். யாரும் சொல்லவில்லை. சென்ற செவ்வாய் நண்பகல், பெருக்கி நிமிர்ந்தபோது மேடை நிறைய வட்டமாக நிழல் விழுந்திருந்தது. வானத்தில் மேகமில்லை. அவர் அதில் உட்கார்ந்து, வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டியைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டார். குளுமையாக இருந்தது.