ஒல்லிக் கேமரா

பொய் சொன்னது நீ. நடுத்தெருவில் திருடன் என்று பேர் வாங்கியது நான்.

உன் பெயர் எனக்கு ஞாபகமில்லை. போன வருஷம் லா பாஸில் என் கடையில் கேமராவுக்குப் பேரம் பேசி, கொசுறாக ஒரு உறையையும் பிடுங்கிக்கொண்டு, எல்லை தாண்டி பியூனஸ் அயர்ஸுக்குத் தையல் வேலைக்கு பஸ் ஏறினவன் நீ. அது போதும்.

இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு பேட்டரிகூட விற்கவில்லை. கால் கடுக்க நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் உன் அம்மா வந்தார். முதுகு மூட்டையை அவிழ்த்து, நெட் கடையில் அச்சுப் போட்ட படங்களை என் மேஜையில் விசிறினார்.

"இந்த ஓட்டைக் கேமராவை என் பிள்ளை தலையில கட்டினது நீதானே?"

"மெதுவாம்மா. என்ன ஆச்சு?"

"மெதுவாவா? எல் ஆல்ட்டோ சந்தையில எமெதேரியா யாருன்னு கேட்டுப்பாரு, நான் மெதுவாப் பேசி யாராச்சும் கேட்டிருக்காங்களான்னு! இதப் பாரு. இது என் பிள்ளையா, புகைமூட்டமா?"

பார்த்தேன். மங்கலாக ஓர் உருவம். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

"ஏன்டா இப்படி வருதுன்னு போன்ல கேட்டா, 'கேமரா சரியில்லம்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான்'ங்கிறான்."

பக்கத்துக் கடை ரெமிஹியோவுக்குக் கொண்டாட்டம். "போடுங்கம்மா, நல்லாப் போடுங்க! எனக்கே ஓடாத ரேடியோவை வித்தவன் இவன்!"

எனக்குச் சுர்ரென்றது. என்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்வேன். என் சரக்கைத் திட்டினால் விடமாட்டேன்.

"அம்மா, இந்த ஒல்லிக் கேமராவோட நல்லது கெட்டது ரெண்டையும் மறைக்காமச் சொல்றேன். சட்டைப் பையில போட்டா இருக்கிறதே தெரியாது. லென்ஸ் வெளிய நீட்டிக்கிட்டு நிக்காது, பஸ் கூட்டத்துல இடிபட்டாலும் தாங்கும். அது நல்லது. கெட்டது? பேட்டரி சின்னது, அரை நாள்லயே மூச்சு வாங்கும். பிடிச்சுக்க இடமில்ல, கை ஆடும். பிளாஷ் தீக்குச்சி வெளிச்சம்தான். இருட்டுல ஒண்ணுத்துக்கும் ஆகாது. ஆனா வெயில்ல? வெயில்ல அது பொய் சொல்லாது."

"எல்லாம் வாய்தான்!"

"வாயா? இப்படி வந்து நில்லுங்க."

அதே ரகத்தில் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அவரைத் தெரு வெயிலில் நிறுத்தினேன். ஒரே அமுக்கு. திரையைக் காட்டினேன். தங்கப் பல், தொப்பியில் பிரிந்து தொங்கிய நூல், குளிரில் வெடித்த கன்னம், எல்லாம் பளிச்.

ரெமிஹியோ தன் கடைப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயித்துவிட்டேன்.

உன் அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வெயில்ல இவ்ளோ தெளிவா வருமா?"

"வரும்மா."

"இதெல்லாம் பூங்காவில எடுத்ததுன்னு சொன்னான். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

படங்களை மறுபடி கையில் எடுத்தேன். இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். பூங்காவும் இல்லை, மத்தியானமும் இல்லை. தலைக்கு மேலே தாழத் தொங்கும் குழல் விளக்கு. பின்னால் அடுக்கிய துணி மூட்டைகள். எல்லாப் படத்திலும் அதே சுவர்.

அந்த மாதிரிச் சுவர் எனக்குத் தெரியும். இளவயதில், நீ போன அதே ஊரில் அப்படி ஒரு பட்டறையில் நானும் தைத்திருக்கிறேன். மிஷினுக்குக் கீழேயே படுக்கை. கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு. அடையாள அட்டை முதலாளியின் இழுப்பறையில்.

உன் அம்மா என் கையிலிருந்து ஒரு படத்தை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். சண்டை போடும் தெம்பு எனக்கு வற்றிவிட்டது.

"இருங்கம்மா. உங்க பிள்ளை வாங்கினது இது இல்ல. அது போன வருஷத்துச் சரக்கு, மட்டமான சரக்கு. வெயிலோ நிழலோ, எதுலயும் ஒழுங்கா எடுக்காது. தெரிஞ்சேதான் வித்தேன். அவன் பூங்காவிலதான் நின்னிருப்பான்."

"அப்ப நீ திருடன்தான்?"

"ஆமாம்மா."

தெருவே கேட்டது. ரெமிஹியோ விசில் அடித்தான். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் கத்திக் கத்திச் சேர்த்த பேர் ஒரு வார்த்தையில் போனது.

"அப்படின்னா மாத்திக் குடு. என்னைப் படம் எடுத்தியே, அதையே குடு. எங்க பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு அந்த ஊருக்கு பஸ் ஏறுறார்."

கொடுத்தேன். காசு கேட்க வாய் வரவில்லை. அதைத் துணியில் சுற்றி மூட்டைக்குள் பத்திரப்படுத்தினார். பிறகு என் பக்கம் குனிந்தார். ஊரைக் கூட்டிய அந்தக் குரல் இப்போது எனக்கே பாதிதான் கேட்டது.

"பழசு மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும், தம்பி. வாங்கிட்டு வந்த அன்னிக்கு வாசல்ல என்னைப் படம் எடுத்தான், என் நரைமுடியைக்கூட எண்ணலாம். நீயும் எனக்காகப் பொய்தான் சொன்ன. புதுசு வாங்க என்கிட்ட வழியில்ல. சண்டை போட வாய் இருந்தது. இனிமே அவன் எந்தக் கேமராவைக் குத்தம் சொல்வான்?"

மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

கேமரா உன் கைக்கு வந்து சேரும். நல்ல கேமரா. வெளியே போ. வெயிலில் நின்று ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பு. கதவு பூட்டியிருந்தால் தட்டு, கத்து, தெருவைக் கூட்டு. உன் அம்மா பிள்ளைதானே, கத்தத் தெரியாதா? திறந்ததும் படத்தையும் விடு, கேமராவையும் விடு, பஸ் ஏறி வந்து அவர் முன்னால் நில்.