பாதியில் நின்ற கம்ப்யூட்டர்

"ஏனுங்க தம்பி, பொட்டிய இப்படிப் பிரிச்சுப் போட்டுட்டீங்களே, மறுக்கா மாட்டிருவீங்கல்லோ?"

பழனாத்தாள் கவலையோடு கேட்டதும், அருள்குமார் வாயில் கவ்வியிருந்த திருகாணியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மாட்டிருவேனுங்கம்மா. பயப்படாதீங்க."

கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, வயலை ஒட்டியிருந்த வீடு அது. மதியம் அவன் தன் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பழனாத்தாளின் கணவர் பொங்கியண்ணனின் போன் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் கம்பெனிப் பெயர் வருகிறது, அதோடு உறைந்து நின்றுவிடுகிறது. நெல் கொள்முதலுக்குப் பதிவு செய்ய இன்றுதான் கடைசி நாள் என்றார். சின்ன வேலைதான் என்று நம்பி வண்டியை எடுத்துவிட்டான்.

சீக்கிரம் முடித்தாக வேண்டும். நாலு மணிக்கு அவன் பெண் பார்க்கப் போகிறான்.

முன்பு போன இடங்களிலெல்லாம் மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பையனுக்குப் பேச்சே வராதாட்ட இருக்குது" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். ஆகவே இந்த முறை போட்டோவைக்கூடப் பார்க்கவில்லை. யார் பெண், எந்த வீடு என்றும் கேட்கவில்லை. ஆசைப்பட்ட பிறகு 'வேண்டாம்' என்று கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

"நேரத்துக்கு வந்துரு சாமி. நானே கூட்டீட்டுப் போறேன். இதும் தட்டிப்போச்சுன்னா எனக்குத் தாங்காது" என்று அம்மா காலையிலேயே கண் கலங்கியிருந்தாள்.

பிரிண்டரைக் கழற்றினான், பென்டிரைவை உருவினான். மறுபடி போட்டான். கம்பெனிப் பெயர் வந்தது, நின்றது. அடுத்து ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் அதன் விளிம்பைத் தேய்த்தான்.

"ரப்பர் எதுக்குங்க?" கதவோரம் நின்றிருந்த யோகப்பிரியா கேட்டாள். வீட்டுக்கு ஒரே பெண்.

"இந்த மஞ்சக் கோடெல்லாம் இருக்குதுல்லங்க, இதுல அழுக்குப் புடிச்சா உள்ள சேதி போவாது. வெறுங்கையில தொடச்சா வேர்வை ஒட்டிக்கும். எங்க தொழில்ல பாதி வைத்தியம் இந்த ரப்பருதானுங்க."

அவள் சிரித்துவிட்டாள். வேலையில் இருக்கும்போது அருள்குமாருக்குக் கூச்சம் எங்கே போகுமோ தெரியாது.

"தம்பிக்கு எந்த ஊருங்க? கொலசாமி கோயிலு எங்க?" என்று பழனாத்தாள் கேட்டுக்கொண்டே பூரணம் வைத்த ஒப்புட்டுத் தட்டை நீட்டினாள். நெய் மணத்தது.

"சித்தூருங்க. ஒப்புட்டெல்லாம் சுட்டிருக்கீங்க, இன்னைக்கு என்னங்க விசேசம்?"

"விசேசமெல்லாம் ஒண்ணுமில்ல. தின்னுங்க கண்ணு."

ரேமை மாட்டிப் போட்டான். அதே இடத்தில் நின்றது. சுவர்க் கடிகாரம் மட்டும் நிற்காமல் மூன்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"கவர்மெண்டு அக்ஷயா சென்டருக்குப் போயிப் பதிஞ்சுக்கலாமுங்களே?" என்றான் மெல்ல.

"நெலத்து விவரம் பூராவும் இதுக்குள்ளதானுங்க கெடக்குது" என்றாள் யோகப்பிரியா.

அதுவரை நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்திருந்த பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார். "உங்களுக்கும் சோலி இருக்கும். போறதுன்னாப் போங்க தம்பி. எங்க தலையில எழுதுனபடி ஆவுட்டும்."

அருள்குமார் எழுந்துவிட்டான். பிரித்துப் போட்ட பெட்டியைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே, களத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய நெல்லைப் பார்த்தான். போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

"வெளைஞ்ச நெல்ல வெச்சுக்கிட்டு நீங்க எங்கீங்க போவீங்க?" என்று முனகிக்கொண்டே மறுபடி தரையில் உட்கார்ந்தான். "அந்த டார்ச்சக் கொஞ்சம் புடிங்க அம்மிணி."

அவள் வெளிச்சம் காட்டினாள். உள்ளே எல்லாக் கேபிளிலும் ஒரே மாதிரி தூசி படிந்திருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் கேபிளில் மட்டும் தூசியைக் காணோம். தொட்டுப் பார்த்தான். முனை லேசாக வெளியே வந்திருந்தது. அழுத்திச் செருகி, பட்டனைத் தட்டினான்.

கம்பெனிப் பெயர் வந்தது. நின்றது. பிறகு அதன் கீழே வட்டம் சுழன்று, திரையில் நீலம் விரிந்தது.

"ஓடிருச்சுங்க!" அவனே கத்திவிட்டான். "ஆமா, யாராச்சும் உள்ள கைய வெச்சீங்களா?"

"பல்லி ஏதாச்சும் பூந்திருக்கும்" என்றார் பொங்கியண்ணன், கூரையைப் பார்த்தபடி. யோகப்பிரியா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மணி நாலைத் தாண்டிவிட்டது. ஸ்க்ரூ டிரைவர்களைப் பைக்குள் அள்ளிப் போடும்போது போன் அடித்தது. அம்மாதான்.

"அம்மா, மன்னிச்சுக்கம்மா. வேலைய வுட்டுட்டு வர முடியல. அவங்ககிட்ட எப்படியாச்சும் சொல்லி..."

"சொல்றதுக்கென்னடா இருக்குது, அவங்க மத்தியானமே எனக்குச் சொல்லிப்போட்டாங்க. நான் வந்தே சேந்துட்டேன்."

குரல் போனிலும் கேட்டது, வாசலிலும் கேட்டது. ஆட்டோவிலிருந்து பூவும் பழமும் நிறைந்த பையோடு அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சம்பந்தி!" பொங்கியண்ணன் எழுந்து கும்பிட்டார். "வெள்ளச் சட்டையில உக்கார வெச்சா என்ன தெரியும், வேல செய்யறப்பத்தான் பாக்கோணும்னு எங்க அம்மிணி ஒரே புடியா நின்னுட்டா. நாங்க மாப்பிள்ளையப் பாத்துட்டோமுங்க, எங்களுக்குப் புடிச்சிருக்குது."

காபித் தட்டோடு வந்த யோகப்பிரியா, வாய் திறந்தபடி நின்றவனிடம் மெதுவாகச் சொன்னாள்: "நெல்லுப் பதிவு போன வாரமே முடிஞ்சுதுங்க. அந்தக் கேபிளத்தான் கொஞ்சம் சாஸ்தியா இழுத்துட்டனாட்ட இருக்குது."