தண்ணிச் சத்தம்

இடுப்புக்குக் கீழே அவள் இல்லை.

முதுகில் போட்ட ஊசி வேலையைக் காட்டிவிட்டது. நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவளுடைய வலது முழங்கால். இந்தப் பக்கம் அவளுடைய காதுகள்.

காதுகள்தான் வம்பு.

தண்ணீர் விழ ஆரம்பித்தது. வாளிக்குள், சளசளவென்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முழங்கால் வலிக்கு ஒரு புது அறுவை சிகிச்சை. இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மூட்டுக்குள் குழாய் விட்டு, தேய்ந்ததைச் செதுக்கி, தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவார்கள். மீதிப் பேருக்குத் தோலில் ஒரு கீறல், அதன் மேல் தையல். அவ்வளவுதான். யாருக்கு எது என்று படுத்திருப்பவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது. அதற்குச் சம்மதித்துத்தான் எல்லோரும் படுக்கிறார்கள்.

அவளும் சம்மதித்தாள். பெயர் பதியும்போது, கூடவே ஒரு பொய்.

"என்ன வேலை பார்த்தீங்கம்மா?"

"வேலையா? வீட்லதாங்க."

வேறொரு ஊர். வேறொரு ஆஸ்பத்திரி. இதே மாதிரி ஒரு பரிசோதனை. இதே மாதிரிப் பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் நின்ற நர்ஸ் அவள். சொல்லியிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

திரும்பிப் போகிற நிலையில் அவள் இல்லை. போன மாதம் ஒரு காலை, கழிப்பறையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத்தான் தூக்கினார். அந்த மனிதரின் முகத்தை அவள் இன்னும் நேருக்கு நேர் பார்க்கவில்லை.

இந்தக் கால் அவளுக்கு வேண்டும்.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

நிற்காதே. நின்றுவிடாதே.

நிஜத் தண்ணீர் குழாய் வழியே வரும். ஒரே சீராக வரும். வெறும் கீறல் போட்டவரை நம்பவைக்கும் பொய்த் தண்ணீருக்கு ஆள் வேண்டும். டாக்டர் கருவியைக் கேட்பார். கொடுப்பார்கள். கொடுத்ததைச் சத்தம் வரும்படி தட்டில் திரும்ப வைப்பார். ஒரு நர்ஸ் ஓரமாக நின்று, ஜக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு வாளிக்குள் ஊற்றிக்கொண்டிருப்பாள். ஜக் காலியாகும். மறுபடி மொள்ள வேண்டும். அங்கே ஒரு சின்ன இடைவெளி விழும். எவ்வளவு பழகியும் அந்த இடைவெளியை அவளால் அடைக்க முடிந்ததில்லை.

யாரும் அதைக் கண்டுபிடித்ததும் இல்லை. அங்கப்பன்கூட.

அந்த ஊரில் தறி ஓட்டுகிறவர். துணிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினார்.

"ஏனுங்கம்மிணி, மாப்பிள்ளைக்குக் கால் கழுவறாப்புல இருக்குது? பொண்ணு யாருங்க?"

தியேட்டரே சிரித்தது. ஜக்கும் கையுமாக அவளும் சிரித்தாள்.

"வேலை நல்லா நடக்குதுங்க. பேசாமப் படுங்க."

அங்கப்பனின் வலி போனது. வாய் வார்த்தைக்கு அல்ல, நிஜமாகவே போனது. தறிக்குத் திரும்பினார். பழனிக்கு நடந்தே போய்வந்து அவள் கையில் பஞ்சாமிர்த டப்பாவை வைத்தார்.

பரிசோதனை முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார்கள். அதுதான் முறை. அங்கப்பன் மாடிப்படி ஏறி வந்தார். அவருக்குப் போட்டது வெறும் கீறல்தான் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டார். தலையாட்டினார்.

எழப் போனார். முடியவில்லை.

வராந்தாவில் அவளைக் கண்டதும் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னார். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அந்தத் தண்ணிச் சத்தம்? அது என்னதுங்கம்மிணி?"

இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவள் குழாயைத் திறக்கும்போது. பாத்திரம் கழுவும்போது. மழைக்குக் கூரைத்தகரம் ஒழுகும்போது.

இப்போது தலைமாட்டில் நின்று. மாடிப்படி ஏறி வந்த லேசான மூச்சிரைப்போடு.

தண்ணீர் நின்றது.

பதற்றப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். குழாய்த் தண்ணீரும் நிற்கும். தொங்குகிற பை காலியானால் மாற்றுவார்கள். அதுவாக இருக்கலாம்.

மறுபடி விழும்போது தெரிந்துவிடும். குழாயா, ஜக்கா. அவள் காதுக்கு முதல் சொட்டு போதும்.

ஜக் என்று தெரிந்துவிட்டால் தீர்ந்தது. அவள் வீடு போய்ச் சேரும் முன்பே வலி அங்கே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும்.

காதைப் பொத்தக் கை இல்லை. ஒரு கையில் ட்ரிப்ஸ். மறு கையில் பிரஷர் பட்டை.

துணிக்கு மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. சின்ன வயது நர்ஸ். மாஸ்க்குக்கு மேல் கண்கள் மட்டும்.

அந்தப் பெண்ணின் கை நனைந்திருக்கிறதா என்று பார்க்காமலிருக்க, அவள் சட்டென்று கண்களை மூடிக்கொண்டாள்.

"தண்ணிச் சத்தத்துக்கு பயந்துட்டீங்களாம்மா? வேலை நல்லா நடக்குது."

எவ்வளவு கனிவான குரல். அவளுக்கும் இருந்தது, அந்த வயதில்.

"கண்ணு, ஒரு பாட்டு போடேன்."

"என்ன பாட்டும்மா வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரி. சீக்கிரம் போடு."

செல்போனில் பாட்டு கிளம்பியது. நாதஸ்வரமும் மேளமுமாக ஏதோ ஒரு கல்யாணப் பாட்டு.

தலைமாட்டில் யாரோ சிரித்தார்.

"சத்தமா வை கண்ணு," என்றாள். "இன்னும் சத்தமா."