பன்னிரண்டாயிரம் தினார் பணயம்

‘கண் தெரியாதவர்களைப் பணயக்கைதிகளாகப் பிடித்து வைத்திருக்கிறார் ஷெத்லி. அவர்களை விடுவிக்கப் பன்னிரண்டாயிரம் தினார் கேட்கிறார்.’

லம்ஜத் இணையத்தில் இப்படி எழுதிப் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் முந்நூறு பேர் கைதட்டிவிட்டார்கள். துனிஸ் கட்டற்ற மென்பொருள் சங்கத்தின் செயலாளர் அவன். எழுத உட்கார்ந்தால் காரம் தூக்கலாகத்தான் இருக்கும்.

ஷெத்லி தெற்கே ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்காரர். கணினித் திரையில் இருப்பதை ஊர்ப்பேச்சு அரபியிலேயே வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை எழுதியிருந்தார். பயன்படுத்தக் காசு கிடையாது. ஆனால் அதன் மூலநிரல், அதாவது அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற உள்விவரம், பன்னிரண்டாயிரம் தினார் நன்கொடை சேர்ந்த பிறகுதான் எல்லோருக்கும் திறந்துவிடப்படும் என்று தன் இணையப் பக்கத்தில் அறிவித்திருந்தார். ஒரு வருடமாகியும் தொகை மூவாயிரத்தைத் தாண்டவில்லை.

மூலநிரல் எல்லோருக்கும் பொது என்பது சங்கத்தின் கொள்கை. ஆனால் லம்ஜத்தின் கோபம் கொள்கைக்காக மட்டும் இல்லை. அவன் தங்கை ஹயாத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அந்தச் செயலி வாசிப்பதைக் கேட்டுத்தான் சொல்வாள்.

அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. அன்றிலிருந்து செயலி நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை ஊமையாக ஆரம்பித்தது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மூலநிரல் மட்டும் கையில் இருந்தால் அரை நாளில் சரிசெய்துவிடுவேன் என்றான் லம்ஜத். வெறும் பேச்சு இல்லை, ஆள் கெட்டிக்காரன்தான்.

“அவருக்கே எழுதிக் கேளேண்ணா,” என்றாள் ஹயாத்.

“கேக்கறதா? அது நம்ம உரிமை. அவன்கிட்டப் போய்க் கையேந்தணுமா?”

“அப்ப உங்க சங்கத்துல எல்லாருமா சேர்ந்து காசையாவது போடுங்க.”

“பணயம் கேக்கறவனுக்குக் காசு குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பான். உனக்கு இதெல்லாம் புரியாது.”

அவளுக்குப் புரிந்தது மாதக் கடைசி மட்டும்தான். அந்த மாதம் லம்ஜத் ஏழு கட்டுரைகள் எழுதினான். ஏழுக்கும் நல்ல கைதட்டல். ஒரு கட்டுரையை வேறு ஊர்ச் சங்கங்கள்கூட எடுத்துப் போட்டன.

ஒன்றாம் தேதி ஹயாத் வீட்டில் இருந்தாள். அழவில்லை, அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. வழக்கம்போல விடியற்காலையில் எழுந்து, குளித்து, தலைவாரி, காபி குடித்தாள். அதற்குப் பிறகு போக இடமில்லாமல் அதே நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. அந்தக் காட்சியைத்தான் லம்ஜத்தால் தாங்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் ஸ்ஃபாக்ஸுக்கு வேன் ஏறினான். நாலு மணி நேரமும் கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

ஷெத்லி ஒரு சின்னக் கடையில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைக் காலர் நைந்திருந்தது. செயலி எழுதுவதற்காகத் தனியார் பள்ளி வாத்தியார் வேலையை ஒரு வருடம் விட்டிருந்தவர். திரும்பிப் போனபோது அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார்.

லம்ஜத் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பொரிந்து தள்ளினான். செயலி அடிக்கடி நின்றுபோனதையும் அதனால் தங்கைக்கு வேலை போனதையும் கடைசியில்தான் சொன்னான்.

ஷெத்லி இடுக்கியைக் கீழே வைத்தார்.

“எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் நிக்குது?”

“நாலு.”

“புதுக் கம்ப்யூட்டர்லதானே? என்கிட்ட அது இல்ல தம்பி. யாரும் சொல்லவும் இல்ல. உங்க சங்கத்துலேர்ந்து வந்ததெல்லாம் திட்டுதான்.”

“நீங்க மூலநிரலைத் திறந்துவிட்டிருந்தா யாரும் உங்ககிட்டச் சொல்ல வேண்டியதே இல்ல. நானே சரி பண்ணியிருப்பேன்.”

அவர் மேஜையில் இருந்த மடிக்கணினியில் தன் பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். லம்ஜத்துக்கு மனப்பாடமான பக்கம். கடைசியில் ‘மூலநிரல்’ என்று ஒரு சொல், ஒட்டினாற்போல ஒரு பூட்டுப் படம்.

“அதை அழுத்து.”

அழுத்தினான். திறந்துகொண்டது. முழு நிரலும் வரி வரியாக வந்து நின்றது. மேலே பதினோரு மாதத்துக்கு முந்தைய தேதி.

“அறிவிச்ச மூணாவது வாரம் கஃப்ஸாவிலேர்ந்து கண் தெரியாத ஒரு அம்மா மூலநிரல் வேணும்னு எழுதினாங்க. மனசு கேக்கல, திறந்துட்டேன்,” என்றார் ஷெத்லி. “வெளியில சொன்னா வர்ற கொஞ்சநஞ்சக் காசும் நின்னுடுமேன்னு பூட்டுப் படத்தை மட்டும் எடுக்கல. நானும் சாப்பிடணுமில்ல? வேணுங்கிறவன் எப்படியும் ஒருதரம் அழுத்திப் பார்ப்பான்னு நினைச்சேன். என் தப்புதான்.”

லம்ஜத்தின் கண்கள் பழக்கத்தில் நிரலின் மேல் ஓடின. கோளாறு இருந்த இடம் உடனே பிடிபட்டது. அரை நாள்கூட வேண்டாம், மூன்று வரிகளை மாற்றினால் போதும்.

தன்னைப்போலவே எல்லோரும் ஏமாந்திருந்தால் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

“அப்ப இதுவரைக்கும் யாருமே திறந்து பார்க்கலையா?”

“பார்த்தாங்களே, நாப்பத்தோரு பேர். எல்லாரும் நன்றி சொல்லி எழுதினாங்க. உங்க சங்கத்து ஆளு யாரும் இல்ல,” என்று சொல்லிவிட்டு ஷெத்லி இடுக்கியை எடுத்துக்கொண்டார். “அத்தனை பேரும் கண் தெரியாதவங்க. அவங்களுக்கு அந்தப் பூட்டு தெரியல தம்பி.”