உடல் குளிரும்வரை

பகல் மூன்று மணிக்கு எபநேசரின் மார்பில் காது வைத்துப் பார்த்த மைத்துனர் தாசன், உயிர் போய்விட்டதென்றார். கல்லறைத் தோட்டம் தெருக்கோடியில்தான். ஆனால் நான்கு பேர் சேர்ந்து வெளியே வந்தால், மேலே சுற்றும் ட்ரோன் சுட்டுவிடும். உடல் சூட்டை வைத்தே அது ஆட்களை எண்ணும். தூக்கிச் செல்ல தாசன், எபநேசரின் மனைவி ரெபேக்காள், மகள் ஷீபா என மூன்று பேர். உடல் குளிர்ந்தால்தான் எபநேசர் கணக்கில் வரமாட்டார்.

ஈரத்துணி போர்த்திக் காத்திருந்தார்கள். இருட்டிவிட்டால் ஒருவர்கூடத் தெருவில் இறங்க முடியாது.

"உசுரோட இருந்தப்பவும் மனுசன் நேரத்துக்குக் கிளம்பினதில்ல" என்றார் தாசன். "பொழுது சாயுது, எந்திரி, தூக்குவோம்."

கணவரின் பாதத்தைப் பிடித்திருந்த ரெபேக்காள் கையை எடுக்கவில்லை.

"அண்ணே, இவ்வளவு ஈரத்துலயும் கால் இன்னும் சுடுதே. நீங்க நல்லாப் பாத்துத்தான் சொன்னீங்களா?"